கடைசி வெளிச்சம் வரை எரிக்கும் பழக்கம்



டோர்ச் மங்கினாலும் "இன்னும் கொஞ்சம் எரியும்" என்று விடாமல் பாவிப்பது எங்கள் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். அதற்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது.

1899 ஜனவரியில் டேவிட் மிசெல் என்பவருக்கு அமெரிக்காவில் கையில் பிடிக்கும் மின்விளக்குக்கான காப்புரிமை கிடைத்தது. குழாய்க்குள் உலர்மின்கலங்கள், முன்னால் ஒரு பல்ப். அந்தக் கலம் ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். எனவே கடைசிச் சொட்டு வரை எடுப்பதே சிக்கனம். எங்கள் மூத்தவர்கள் பழைய பெட்டரியை வெயிலில் காயவைத்து மறுபடி போட்டதும் அதனால்தான்.

லித்தியம் கலத்தின் கதை வேறு. 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் தொடங்கிவைத்தார். 1980இல் ஒக்ஸ்போர்டில் ஜோன் குடினஃப் குழுவினர் கோபால்ட் ஒக்சைட்டைக் கொண்டு வலுவைக் கூட்டினர். 1985இல் ஜப்பானின் அகிரா யோஷினோ, ஆபத்தான லித்தியம் உலோகத்தை விலக்கி, காபனைப் பயன்படுத்திப் பாதுகாப்பான வடிவத்தைச் செய்தார். 1991இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019இல் மூவருக்கும் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

2022இல் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் நாம் இருந்தபோது, பல வீடுகளுக்கு வெளிச்சம் தந்தது இந்தக் கலம்தான். புதிய பெட்டரி வந்தது. பழைய பழக்கம் போகவில்லை.

லித்தியம் கலம் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ற்று. 2.5 முதல் 3 வோல்ற்றுக்குள் நிறுத்திவிட வேண்டும். அதற்கும் கீழே வெகுவாக இறங்கினால், மறைமுனைப் பக்கத்திலுள்ள மெல்லிய செப்புத் தகடு கரையத் தொடங்கும். திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செப்பு வேறிடத்தில் படிந்து, உள்ளேயே குறுஞ்சுற்றை உண்டாக்கலாம். பிறகு சூடு, சிலவேளை நெருப்பு. ஆபத்து வருவது டோர்ச் அணைந்த இரவில் அல்ல, மறுநாள் அதைச் சார்ஜில் போட்டுவிட்டு நாம் தூங்கும்போது.

இதற்காகவே கலத்தின் அடியில் நாணயம் அளவில் ஒரு சிறிய சுற்றுப்பலகை வைக்கிறார்கள். வோல்ற்றளவு எல்லைக்குக் கீழே போனதும் அது இணைப்பைத் துண்டிக்கும். சில டோர்ச்சுகளில் விளக்கின் சுற்றே இந்த வேலையைச் செய்யும். மலிவான பலவற்றில் இரண்டும் இருப்பதில்லை. பாதுகாப்புள்ள கலம் சாதாரணமானதைவிடச் சற்று நீளமாயிருக்கும். வாங்கும்போது கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை:

• வெளிச்சம் மங்கியதும் அணைத்துச் சார்ஜ் ஏற்றுங்கள்.
• மாதக்கணக்கில் வைப்பதானால் பாதியளவு சார்ஜுடன் வையுங்கள், இடையிடையே பாருங்கள். பாவிக்காவிட்டாலும் கலம் மெதுவாக இறங்கும்.
• இரண்டு கலம் போடும் டோர்ச்சில் பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம். பலவீனமானது முதலில் வற்றிவிடும்.
• நெடுநாள் செத்துக் கிடந்த கலத்தை உயிர்ப்பிக்க முயல வேண்டாம். குப்பை எரிக்கும் இடத்திலும் போட வேண்டாம்.

எங்கள் மூத்தவர்களின் சிக்கனம் அவர்களுடைய பெட்டரிக்குச் சரியாக இருந்தது. இன்றைய பெட்டரியில் கொஞ்சம் மிச்சம் வைப்பதுதான் சிக்கனம். வீட்டில் உம்மாமாருக்கும் பிள்ளைகளுக்கும், இரவில் கடலுக்கும் வயலுக்கும் போகிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் வீடுகளைப் பாதுகாப்பானாக.