கோசு இலையும் கோழி முட்டையும்

இரண்டாம் உலகப் போரின் சரித்திரத்தை நமது பாடநூல்கள் படைத்தலைவர்களின் பெயர்களாலும் போர்க்களங்களின் பெயர்களாலும் நிரப்பிவிடுகின்றன. இங்கிலாந்தின் வீட்டுக் கொல்லைகளில் நிகழ்ந்தவற்றுக்கு அவற்றில் ஒரு வரியும் இடமில்லை. ஆயினும், சாதாரணக் குடும்பம் ஒன்று அப்போரை எங்ஙனம் கடந்தது என்று அறிய விழைவோர்க்கு அக்கொல்லையே தக்க பள்ளிக்கூடம் என்பது என் துணிபு.

1939 செப்டம்பரில் போர் மூண்டபொழுது பிரிட்டன் தன் உணவில் பெரும்பகுதியைக் கப்பல் வழியே பெற்றுவந்தது. மனிதர் உண்பது மட்டுமன்று, கோழி கொத்தும் தானியத்திலும் பெரும்பகுதி கடல் கடந்தே வந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களைக் கவிழ்க்கத் தொடங்கவே, எஞ்சிய இடத்தை மனிதனுக்குக் கொடுப்பதா, கோழிக்குக் கொடுப்பதா என்ற வினா எழுந்தது. விடை சொல்ல வேண்டுவதில்லை. தீவனம் குறைந்தது, முட்டையும் குறைந்தது. 1941 ஜூன் முதல் முட்டை விநியோகம் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஆளுக்கு வாரம் ஒன்று என்பது ஏட்டுக் கணக்கு. அதுவும் கடையில் இருந்தால்தான்! மறு ஆண்டில் அமெரிக்க முட்டைப்பொடி வந்து சேர்ந்தது.

இந்நிலையில் அரசு குடும்பங்களோடு ஒரு பண்டமாற்று செய்துகொண்டது. கடையில் உமக்குள்ள முட்டைப் பங்கீட்டை விட்டுக்கொடும். அதற்கு ஈடாக உமது கோழிகளுக்குக் கொஞ்சம் மாவுத் தீவனம் தருகிறோம் என்றது. அத்தீவனத்தின் பெயர் ‘பாலன்சர் மீல்’, அதாவது குறையை நிரப்பிச் சமன் செய்யும் மாவு. இப்பெயரில்தான் அத்திட்டத்தின் நுட்பம் முழுதும் அடங்கியிருக்கிறது.

கோசு இலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே. பச்சை இலையில் உள்ள கரோட்டின் கோழியின் உடலில் ‘ஏ’ உயிர்ச்சத்தாகிறது. மஞ்சட்கருவுக்கு நல்ல நிறமும் இலையிலிருந்து ஏறுகிறது. ஆயினும் முட்டையை உருவாக்கும் புரதம் அதில் மிகச் சொற்பம். இலையை மட்டும் தின்னும் கோழி இட்ட முட்டையை எண்ண ஒரு கை விரல்களே போதும். ஆதலின், தோட்டம் தர இயலாததை மட்டும் அரசு தந்தது. வேகவைத்து மசித்த உருளைக்கிழங்குத் தோல், கோசின் புறவிதழ்கள், பூத்து முற்றிய லெட்டூஸ் ஆகியவற்றைக் குடும்பம் சேர்த்தது. குளிர்காலத்தில் கோசை ஒரு கயிற்றில் கட்டிக் கூட்டினுள் தொங்கவிடுவர். கோழிகள் எம்பி எம்பிக் கொத்தும். (நம் மொழியில் அதற்கு முட்டைக்கோசு என்று பெயரிட்டவர் இப்பொருத்தத்தை எண்ணியிரார்!) எல்லா இலையும் ஆகாது, ருபார்ப் இலை நஞ்சு. நம் ஊர்க்கோழி குப்பையைக் கிளறிக் கரையானும் சிந்திய நெல்லும் தானே தேடிக்கொள்ளும். நகரக் கொல்லையின் கம்பிவலைக்குள் அடைபட்டதற்கு அவ்வழி ஏது?

பங்கீட்டை விட்டுக்கொடுத்தல் எளிய செயல் அன்று. நால்வர் உள்ள வீட்டில் வாரம் நான்கு முட்டைக்குரிய உரிமை போய்விடும். குஞ்சு வளர்ந்து முட்டையிட ஐந்து மாதங்களேனும் ஆகும். இலையுதிர் காலத்தில் கோழி இறகு உதிர்க்கும், பகற்பொழுதும் சுருங்கும், முட்டை நின்றுவிடும். ஒரே இரவில் நரி புகுந்து கூட்டையே காலி செய்வதும் உண்டு. நிச்சயமான ஒன்றைக் கைவிட்டு, ஒரு கூடை இலையையும் தன் உழைப்பையும் நம்பி இறங்கிய அக்குடும்பத் தலைவிகளை நான் படைவீரருக்குக் குறைந்தவராக எண்ணுவதில்லை.

1953 மார்ச்சில் முட்டைக் கட்டுப்பாடு நீங்கிற்று. அதற்கு முன்பே, 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வாடகை ஒப்பந்தம் தடுத்தாலும் வாணிகத்துக்கன்றி வீட்டுக்கெனக் கோழியும் முயலும் வளர்க்கும் உரிமையைக் குடியிருப்போர்க்கு அளித்துவிட்டது. சட்டம் சொல்வது பெட்டைக் கோழியையே. சேவலைப் பற்றிப் பேச்சில்லை. அண்டை வீட்டார் விடியற்காலையில் உறங்கவேண்டுமல்லவா!

போர்க்காலத்தில் அரசே ஊக்குவித்த மற்றொரு வழக்கம் பிற்காலத்தில் குற்றமாயிற்று. 2001-இல் அந்நாட்டில் கோமாரி நோய் பரவியது; சமையல் கழிவை உண்ட பன்றிகளிடத்தில் அது தொடங்கியதாகக் கருதப்பட்டது. அதன்பின் இறுகிய சட்டப்படி, இறைச்சி புழங்கும் அடுக்களையில் ஒருமுறை நுழைந்து வெளிவந்த கோசு இலை அங்கே கோழிக்கு விலக்கு. தோட்டத்தில் பறித்து நேரே கூட்டுக்குக் கொண்டுபோகும் இலைக்கு மட்டும் தடையில்லை.