ஹொக்கிக் குடும்பத்தில் ஒரு தன்ராஜ்



பிரித்தானியப் படைகள் தங்கிய ஊர்கள் பலவற்றில் ஹொக்கி ஆட்டமும் வேரூன்றியது. 1957ஆம் ஆண்டுவரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கிய எமது திருகோணமலைக்கு அத்தகைய ஊர்களின் இயல்பு புதியதன்று. படைத்துறைப் பட்டறைகளும், அவற்றை நம்பி வந்து குடியேறிய தொழிலாளரும், அவர்தம் பிள்ளைகள் மாலையிற் கூடும் மைதானமும் நாம் நன்கறிந்தவையே. இந்தியாவிலே, பூனா நகரை அடுத்த கட்கியும் அவ்வாறானதோர் ஊர். அங்கே பிறந்த தமிழ் மகன் ஒருவரின் வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

கட்கியிலுள்ள படைக்கலத் தொழிற்சாலையின் மைதானத்தைப் பராமரித்து வந்தவர் நாகலிங்கம் பிள்ளை. அவருக்கும் ஆண்டாளம்மாவுக்கும் 1968ஆம் ஆண்டு ஜூலை 16ஆந் திகதி பிறந்தவர் தன்ராஜ் பிள்ளை. வறுமை சூழ்ந்த அவ்வீட்டுப் பிள்ளைகள், முறிந்த கோல்களைக் கட்டிச் சீர்செய்தே ஆடப் பழகினர். தமையன் ரமேஷ் முன்னரே இந்திய அணியில் இடம்பெற்றவர். 1980களின் நடுப்பகுதியில் தன்ராஜும் மும்பாய் சென்று தமையனோடு சேர்ந்தார். மூத்தவன் நடந்த தடத்திலே இளையவன் ஓடத் தொடங்கினான்.

1989ஆம் ஆண்டு டில்லியில் நடைபெற்ற ஆசியக் கிண்ணப் போட்டியிலே தன்ராஜ் முதன்முதலாக இந்தியாவுக்காக ஆடினார். 2004வரை நீடித்த அவ்வாழ்வில் 339 சர்வதேச ஆட்டங்கள், நான்கு ஒலிம்பிக் விழாக்கள், நான்கு உலகக் கிண்ணப் போட்டிகள், நான்கு ஆசிய விளையாட்டு விழாக்கள் அடங்கும்.

1998இல் பாங்கொக் நகரிலே அவர் தலைமை தாங்கிய அணி, 32 ஆண்டுகளின் பின் ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியாவுக்குத் தங்கப் பதக்கம் ஈட்டியது. ஆயினும் அடுத்த தொடருக்கான அணியில் அத்தலைவருக்கே இடமில்லை. வெற்றி பெற்ற வேறு சில வீரர்களும் நீக்கப்பட்டனர். வீரர்களின் ஊதியத்தைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசி வந்தவர் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மீண்டும் அணிக்குத் திரும்பிய அவரைச் சிட்னி ஒலிம்பிக்கில் மற்றொரு துயரம் எதிர்கொண்டது. 2000ஆம் ஆண்டு நடைபெற்ற அவ்விழாவிலே, போலந்து அணி ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் கோல் அடித்துச் சமன்செய்தமையால், இந்தியா அரையிறுதி வாய்ப்பை இழந்தது. ஒலிம்பிக் பதக்கம் அவர் கைக்கு எட்டவேயில்லை.

ஹொக்கியால் மட்டுமே பிழைப்பது இந்திய வீரருக்கு அரிதாயிருந்த காலம் அது. தன்ராஜ் லண்டன், பிரான்ஸ், ஜேர்மனி, மலேசியா, வங்காளதேசம் ஆகிய இடங்களின் கழகங்களுக்காகவும் ஆடினார். பிறநாட்டார் அவர் திறமைக்கு விலை கொடுத்தனர். தாய்நாடு கொடுத்தது புகழை. அரசு 'ராஜீவ் காந்தி கேல் ரத்னா' விருதளித்துப் பெருமைப்படுத்தியது உண்மையே. எனினும், விருது வாழ்க்கையின் ஒருநாள், உழைப்போ நாள்தோறும்.

நேயர்களே, தமையனைப் பார்த்துத் தம்பி ஆடப் பழகும் வீடுகள் எமது துறைமுகப் பகுதியிலும் உண்டு. அவ்வீடுகள் வீரனை உருவாக்கிவிடும். அவனை மதித்து, அவன் வாழ்வதற்கு வழிசெய்வது சமூகத்தின் கடமை. தன்ராஜின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.