குரூப் மெயிலில் ஃபைல் பகிர்வது எப்படி? இந்த செட்டிங்கை கவனிக்கலேன்னா ரேட் ஷீட் ஊருக்கே போயிடும்!

திருப்பூரில் ஒரு பனியன் ஆர்டர் முடிய நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், ஸ்டிச்சிங் என பல யூனிட்களைத் தாண்ட வேண்டும். அளவு, கலர், ரேட், டெலிவரி தேதி என எல்லாமே இப்போது ஃபைலாகப் போகிறது. கோவையில் பம்ப் உதிரி பாகங்களுக்கான டிராயிங்கும் இப்படித்தான். ஒரே ஃபைலை 30 பேருக்கு அனுப்பும்போது எங்கே கோட்டை விடுறோம்? பார்க்கலாம்.

மெயிலில் அட்டாச் பண்ணினா போதாதா?

ஜிமெயிலில் 25 எம்பி வரைதான் அட்டாச் செய்ய முடியும். அனுப்பியதைத் திரும்பப் பெற அதிகபட்சம் 30 விநாடிதான் கிடைக்கும். திருத்திய ஃபைலை மறுபடி அனுப்பினால், யார் கையில் எது இருக்குன்னே தெரியாது. பழைய அளவை வச்சு துணியை வெட்டிட்டா நஷ்டம் நமக்குத்தான்.

டிரைவ் லிங்க் அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் அவசரத்தில் பலரும் 'எனிஒன் வித் தி லிங்க்' என்று வைத்துவிடுகிறார்கள். அந்த லிங்க் யார் கைக்குப் போனாலும் ஃபைல் திறக்கும். உங்ககிட்ட ஜாப் ஒர்க்கை நிறுத்திட்டு போட்டி கம்பெனிக்குப் போனவரும் உங்க ரேட்டைப் பார்க்கலாம்.

சரியான வழி என்ன?

1. கூகுள் குரூப்ஸில் ஒரு குரூப் தொடங்கி, உறுப்பினர்களின் மெயில் ஐடியைச் சேர்க்கவும்.

2. டிரைவில் ஃபைலைத் திறந்து 'ஷேர்' அழுத்தவும். 30 பேர் ஐடிக்குப் பதிலா குரூப்பின் ஐடியை மட்டும் கொடுக்கவும்.

3. 'வியூவர்' எனத் தேர்வு செய்யவும். 'எடிட்டர்' கொடுத்தால் அவர் ஃபைலை மாற்றலாம், மற்றவர்களுக்கும் பகிரலாம்.

4. பொது அனுமதி 'ரெஸ்ட்ரிக்டட்' என்றே இருக்கட்டும்.

இதில் என்ன லாபம்?

குரூப்பில் புதுசா சேர்பவருக்கு ஃபைல் தானாகத் திறக்கும். குரூப்பிலிருந்து நீக்கியவருக்கு அனுமதி போய்விடும். ஒவ்வொரு ஃபைலாகத் தேடி மாற்ற வேண்டியதில்லை. ஃபைலைத் திருத்தினாலும் எல்லாருக்கும் தெரிவது புதுசுதான்.

எதை மறக்கக்கூடாது?

குரூப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று செட்டிங் இருந்தால் இவ்வளவும் வீண். 'அழைக்கப்பட்டவர்கள் மட்டும்' என மாற்றிவிடுங்க. உறுப்பினர்களுக்கு கூகுள் அக்கவுண்ட் இருக்கணும். டவுன்லோட், பிரிண்ட் வசதியை நிறுத்தி வைக்கலாம். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்க முடியாது. ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களை குரூப்புக்கே அனுப்பாதீங்க.

அப்போ பொது லிங்க் தப்பா?

இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' நினைவிருக்கா? சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னெடுக்க, பல நாட்டுத் தமிழர்கள் இணையம் வழியே சேர்ந்து பழந்தமிழ் நூல்களை தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இலவசமாகக் கொடுத்தார்கள். அது உலகத்துக்கே போக வேண்டிய ஃபைல். உங்க ரேட் ஷீட் அப்படியில்லை. 'ஷேர்' அழுத்துறதுக்கு முன்னாடி, இது யாருக்கான ஃபைல்னு ஒரு முறை பார்த்துக்கோங்க.