ஆடும் கைகளும் அடங்காத நோயும்

மல்லாங்கிணறு என்றவுடன் இலக்கிய வாசகர்களுக்குக் கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனின் ஊர் என்பது நினைவுக்கு வரும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் வானம் பார்த்து விதைக்கிற ஊர்களுள் அதுவும் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூரிலிருந்து வந்து நம் வகுப்பில் பயின்ற மாணவர் ஒருவர், ஒருநாள் மாலை தயங்கித் தயங்கி ஒரு செய்தி சொன்னார். அவருடைய தந்தைக்கு நாற்பது வயதுக்கு மேல் கைகால்கள் தாமாகவே ஆடத் தொடங்கின. அப்பத்தாவுக்கும் அப்படித்தான் இருந்ததாம். பேய் பிடித்தது என்று கோடாங்கியை அழைத்து உடுக்கடித்துப் பார்த்தார்களாம். மதுரையில் மருத்துவர்கள் இதற்கு ஹண்டிங்டன் நோய் என்று பெயர் சொல்லிவிட்டார்கள். "மூளையில ஆபரேசன் பண்ணினா சரியாயிடும்னு சொந்தக்காரர் ஒருத்தர் சொல்றார் ஐயா. மூணு ஏக்கர் இருக்கு. வித்திடலாமா?" என்று கேட்டார்.

தமிழாசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வியன்று. ஆயினும் விடையின்றி அனுப்ப மனம் வரவில்லை. அன்று தொடங்கிய வாசிப்பின் சுருக்கமே இக்கட்டுரை.

1872இல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற அமெரிக்க மருத்துவர், லாங் ஐலண்டுப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களைத் தொடர்ந்து வந்த ஒரு நோயை விவரித்து எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. தந்தையும் பாட்டனும் அதே ஊர்ப்பக்கம் மருத்துவம் பார்த்தவர்கள் என்பதால், மூன்று தலைமுறை நோயாளிகளைப் பற்றிய செய்திகள் ஒரே வீட்டில் சேர்ந்திருந்தன. இந்நோயில் கைகால்கள் தாமே அசைவதை மருத்துவர்கள் 'கொரியா' என்பர். கிரேக்க மொழியில் அதற்கு நடனம் என்று பொருள். பார்ப்பவர்க்கு ஆட்டம், படுபவர்க்கு ஓய்வில்லாத் துன்பம்.

இதற்குக் காரணமான மரபணு 1993இல் கண்டறியப்பட்டது. நான்காம் குரோமோசோமில் மூன்றெழுத்துச் சொல் போன்ற ஒரு தொடர் அடுத்தடுத்து வருகிறது. அடுக்குத்தொடருக்கு நம் இலக்கணிகள் நான்கு என்று எல்லை வகுத்தார்கள். இங்கே இயற்கை வகுத்த எல்லை சற்றுப் பெரிது. அடுக்கு இருபத்தாறு வரை இருந்தால் கேடில்லை; நாற்பதும் அதற்கு மேலும் ஆனால், முழு ஆயுள் வாழ்பவர்க்கு நோய் வந்தே தீரும். பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு சரிபாதி. அத்தை மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் மணந்ததால் வருவதன்று இது. அயலில் மணந்தாலும் அதே சரிபாதிதான். மூளையின் அடியாழத்தில் அசைவுகளுக்குக் கடிவாளம் இடுகிற உயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. கடிவாளம் அறுந்த உறுப்புகள் ஆடுகின்றன. பேச்சும், விழுங்குதலும், நினைவும், மனமும் தளர்கின்றன.

இனி அறுவையின் வரலாறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் விக்டர் ஹார்ஸ்லி, அடங்காமல் முறுக்கிய கையை உடைய சிறுவனின் மூளைப் புறணியில் ஒரு பகுதியை அகற்றினார். அசைவு நின்றது, கையின் வலுவும் குறைந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் இத்துறையின் முதற்பாடம் எனலாம். 1947இல் பிலடெல்பியாவில் ஸ்பீகல், வைசிஸ் ஆகிய இருவரும், மனிதத் தலையைச் சட்டத்தில் பொருத்தி, அளவு கணித்து, மூளையின் ஆழத்துக்கு ஊசியைச் செலுத்தும் முறையை அறிவித்தனர். அம்முறைக்கு முதலில் உட்பட்டவர் ஹண்டிங்டன் நோயாளி ஒருவரே என்பது குறிப்பிடத்தக்கது. ஆக, மூளையின் ஆழத்தைத் தொட்ட இந்த அறுவைக்கலை பிறந்ததே நம் மாணவருடைய தந்தையின் நோயைத் தணிக்கும் முயற்சியில்தான்.

நம் நாட்டில் நரம்பு அறுவைக்கு முதலில் ஒரு துறை எழுந்தது வேலூரில். 1949இல் ஜேக்கப் சாண்டி அதைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சீர்காழியில் பிறந்த பா. ராமமூர்த்தி பணியைத் தொடங்கினார். அவரும் வி. பாலசுப்பிரமணியமும் டி.எஸ். கனகாவும் சேர்ந்த சென்னைக் குழு, நடுக்குவாதம் முதலிய அசைவுக் கோளாறுகளுக்குச் சட்டம் பொருத்திச் செய்யும் அறுவையில் உலகம் அறியும் இடத்தைப் பெற்றது. மூளையின் ஆழத்தில் குறித்த ஒரு புள்ளியை அழிப்பதே அந்நாளைய முறை. அதே குழு, கட்டுக்கடங்காத நடத்தையுடைய குழந்தைகளுக்கும் இவ்வகை அறுவையைச் செய்து 1970 வாக்கில் கட்டுரைகள் வெளியிட்டது. இன்று அதைப் படிக்கையில் நெஞ்சு துணுக்குறுகிறது. அழித்த புள்ளியை மீண்டும் உயிர்ப்பிக்க வழியில்லை அல்லவா?

1960களின் இறுதியில் லெவோடோப்பா என்னும் மருந்து நடுக்குவாதத்துக்குப் பயன்பட்டதும் அறுவைகள் அருகின. ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவரான கனகா (1932–2018), 1975 அளவிலேயே மூளையின் ஆழத்தில் மின்முனையைப் பதித்து நிலையாக விட்டுவைக்கும் முறையில் இறங்கியிருந்தார். 1987இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் பெனபித், அழிக்கும் முன் சோதனைக்காகச் செலுத்திய விரைவு மின்துடிப்பே நடுக்கத்தை நிறுத்துவதைப் பயன்படுத்தினார். புள்ளியை அழிக்காமல், அங்கே மின்முனையைப் பதித்து, மார்புத் தோலின் அடியில் மின்கலக் கருவியை வைக்கும் முறை பரவியது. ஆழ்மூளைத் தூண்டல் என்று இதைச் சொல்கிறோம். வேண்டாவிடில் கருவியை நிறுத்தலாம் என்பதே இதன் பெருஞ்சிறப்பு.

இம்முறை எல்லா மரபுவழி அசைவு நோய்களுக்கும் ஒன்றுபோல உதவுவதில்லை. இளவயதில் தொடங்கி உடலை முறுக்கும் ஒருவகை மரபு நோயில் பயன் மிகுதி. சுருண்டு கிடந்த பிள்ளைகள் எழுந்து நடந்ததுண்டு. தள்ளாடி நடக்கச் செய்யும் சிறுமூளை நோய்களில் பயன் சொற்பமே. ஹண்டிங்டன் நோய் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பாலிடம் என்னும் பகுதியில் மின்முனை பதித்த சிலருக்கு உறுப்புகளின் ஆட்டம் தணிந்தது. பேச்சும் நடையும் நினைவும் அதனால் மீளவில்லை. நோயின் ஓட்டமும் நிற்கவில்லை. டெட்ராபெனசின் போன்ற மாத்திரைகளை முதலில் முயல்வதே வழக்கம். மாத்திரைக்கு அடங்காத கடும் ஆட்டம் உடையவர்க்கே அறுவையைப் பற்றிப் பேசுகிறார்கள். செலவோ பல லட்சம். மின்கலம் தீர்ந்தால் மறுபடியும் செலவு.

நோயின் வேரையே நாடும் முயற்சியும் இப்போது உண்டு. மண்டையோட்டில் சிறு துளையிட்டு மரபணு மருந்தை மூளையின் ஆழத்தில் செலுத்திய ஆய்வொன்றின் முடிவுகள் 2025 செப்டம்பரில் வெளிவந்தன. மிகுந்த அளவு மருந்து பெற்ற பன்னிரண்டு பேரிடம் மூன்றாண்டுகளில் நோயின் வேகம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாக அறிவித்தார்கள். நம்பிக்கை கொள்ளலாம். பன்னிருவரைக் கொண்டு நிலத்தை விற்க முடியாது.

அன்று மாணவருக்கு ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். அப்பாவை மிகவும் வாட்டுவது உறுப்புகளின் ஆட்டமா, விழுங்க முடியாமையா, மனச்சோர்வா? அறுவை இவற்றுள் எதைத் தணிக்கும்? தணிந்த பின்னும் தொடரும் நோய்க்கு வீட்டில் கையிருப்பு எவ்வளவு மிஞ்சும்? இவற்றை மருத்துவரிடம் கேட்ட பின்பே பத்திரத்தைத் தொடுங்கள் என்றோம். மருத்துவர் மாத்திரை எழுதினார். விழுங்க எளிதாக உணவைக் குழைத்துத் தரவும், கீழே விழாமல் காக்கவும் கற்றுக் கொடுத்தார். ஆட்டம் ஓரளவு குறைந்தது. நிலம் விற்கப்படவில்லை.

நான்காவது கேள்வி ஒன்றும் இருந்தது. அந்தச் சரிபாதியில் தாம் எந்தப் பக்கம் என்பதை அவர் கேட்கவில்லை. இரத்தப் பரிசோதனையில் அதை அறியலாம்; அறியாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. நாமும் கேட்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடைசிப் பேருந்தைப் பிடிக்க அவர் விரைந்து நடந்தார். அவருடைய கைகளை நாம் பார்த்துக்கொண்டே நின்றோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.