வன்னி வீதியும் குழந்தைத் தள்ளுவண்டியும்

"ஊருக்குப் போகிறோம். தங்கையின் பிள்ளைக்கு ஒரு தள்ளுவண்டி கொண்டுபோக விருப்பம். எப்படியானதை வாங்குவது?" கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் நண்பர்கள் சிலர் இவ்வாறு என்னிடம் கேட்பதுண்டு. காலமெல்லாம் செய்தித்தாளோடு கழித்தவனிடம் கேட்கவேண்டிய கேள்வி இதுவன்று. ஆயினும் அவர்கள் போகும் ஊர் கிளிநொச்சியாகவோ முல்லைத்தீவாகவோ இருக்கையில், இக்கேள்விக்கு விடை சொல்ல வன்னியின் வரலாற்றையும் சற்றுப் புரட்டவேண்டியிருக்கிறது.

தள்ளுவண்டி என்றதும் நம்மவருக்குக் கச்சான் விற்பவரின் வண்டியே முதலில் நினைவுக்கு வரும். குழந்தைக்கான வண்டியின் முன்னோடியாக, இங்கிலாந்தில் டெவன்ஷயர் கோமகனின் பிள்ளைகளுக்காக 1733ஆம் ஆண்டளவில் வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் அமைத்த சிறு வண்டியைக் குறிப்பிடுவர். அது தள்ளுவதற்கானதன்று, ஆடோ சிறு குதிரையோ இழுப்பதற்கானது. 1889இல் அமெரிக்கரான வில்லியம் றிச்சாட்சன், குழந்தையின் முகம் தாயை நோக்கித் திரும்பியிருக்கக்கூடிய வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1965இல் வந்த மாற்றமே பெரியது. ஸ்பிற்பயர் போர் விமானத்தின் மடியும் சக்கர அமைப்பில் பணியாற்றிய ஓவன் மக்லாரன் என்னும் பொறியியலாளர், அலுமினியக் குழாய்களாலான, குடைபோல மடியும் வண்டியை உருவாக்கினார். அதன் நிறை ஏறத்தாழ மூன்று கிலோதான். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டே மறுகையால் அதனை மடித்துவிடலாம். 1984இல் அமெரிக்கப் பத்திரிகையாளரான பில் பேக்லர், துவிச்சக்கர வண்டியின் சக்கரங்களைப் பூட்டி, கரடுமுரடான பாதையிலும் ஓடக்கூடிய மூன்று சக்கர வண்டியொன்றைச் செய்தார்.

இவற்றுள் பெரும்பாலானவை சமமான தரையை எதிர்பார்த்துப் பிறந்தவை. நகரத்து நடைபாதையும் பூங்காவும் இல்லாவிடில் அவை இல்லை.

வன்னியின் கதை வேறு. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய குளங்களை நம்பி எழுந்த குடியேற்றங்களில் வீட்டுக்கு வீடு தூரம் அதிகம். ஒழுங்கைகள் மணலும் கிரவலுமாக இருக்கும், மாரியில் சேறாகிவிடும். வீட்டில் குழந்தைக்கு ஏணை. வெளியில் தாயின் இடுப்பு. நெடும்பயணமாயின் மாட்டுவண்டி. வற்றாப்பளை கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு, வைக்கோல் பரப்பிச் சாக்கு விரித்த வண்டியில் பிள்ளைகளை உறங்கவைத்துக்கொண்டு சென்ற தலைமுறையினர் இன்றும் இருக்கின்றனர். பின்னர் உழவு இயந்திரப் பெட்டி வந்தது. எனினும் வன்னிக் குழந்தையின் அன்றாட வாகனமாக நிலைத்தது துவிச்சக்கர வண்டியே. முன் பாரிலே சிறு இருக்கையொன்றைப் பூட்டிவிட்டால், தகப்பனின் இரு கைகளுக்கும் நடுவில் பிள்ளை பத்திரமாக இருக்கும். சற்று வளர்ந்தபின் பின்கரியர். அப்போது காற் குதி சக்கரக் கம்பிக்குள் அகப்பட்டுக் காயப்படுவது வழக்கமானதொரு விபத்து.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை இந்த வாகனத்தின் மதிப்பைப் பன்மடங்காக்கியது. பெற்றோலும் டீசலும் தடைப்பட்டன. மோட்டார்ச் சைக்கிள்களைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்த மண்ணெண்ணெயும் எல்லோருக்கும் எட்டவில்லை. வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் சந்தைக்கும் சைக்கிளே கதியாயிற்று. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, ஏறவும் இடமின்றி உருட்டப்பட்ட சைக்கிள்களின் பாரிலும் கரியரிலும் பிள்ளைகளும் மூட்டைகளும் இருந்தன. அவர்களுட் பலர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி இராணுவத்தின் வசமானபோது மீண்டும் ஓட்டம். 1997 மே மாதம் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கை மேலும் பல கிராமங்களைப் பெயர்த்தது.

2002 போர்நிறுத்தத்தையடுத்து ஏ-9 திறக்கப்பட்டதும் புலம்பெயர்ந்தோர் வரத்தொடங்கினர். அவர்களின் பிள்ளைகளோடு மேலைநாட்டுத் தள்ளுவண்டிகளும் வந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது.

2008இன் பிற்பகுதியிலிருந்து நிகழ்ந்ததை வாசகர்கள் அறிவர். கிளிநொச்சி 2009 ஜனவரி 2ஆம் திகதி வீழ்வதற்கு முன்னரே சனங்கள் தருமபுரம், விசுவமடு என்று கிழக்கே நகர்ந்துவிட்டனர். அங்கிருந்து புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால். தொடக்கத்தில் உழவு இயந்திரங்களில் கட்டில்களும் கூரைத்தகரங்களும் சென்றன. எரிபொருள் தீர்ந்தது, நிலமும் சுருங்கியது. உழவு இயந்திரத்தை விட்டார்கள். பின்னர் மோட்டார்ச் சைக்கிள், அதன்பின் சைக்கிள். மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது பலரிடம் எஞ்சியிருந்தது கையிலிருந்த பிள்ளை மட்டுமே. அந்தப் பிள்ளையையும் இழந்து வந்தோர் பலர். போர் முடிந்தபின் முள்ளிவாய்க்கால் பகுதியில் குவியல் குவியலாகக் கிடந்த வாகனங்களின் படங்களைப் பார்த்தபோதெல்லாம், அவற்றுள் எத்தனை சைக்கிள்களின் பாரில் சிறு இருக்கை இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றியது.

மனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஏ-9 அகலத் தார்வீதியாயிற்று. பரந்தன்–முல்லைத்தீவு வீதியும் செப்பனிடப்பட்டது. ஆனால் பிரதான வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் கிரவல் ஒழுங்கைகள் இன்றும் உள்ளன. வண்டியைத் தெரிவுசெய்பவர் முதலில் எண்ணவேண்டியது இதனைத்தான். சிறு பிளாஸ்ரிக் சக்கரங்கள் கல்லிலும் மணலிலும் புதைந்து நின்றுவிடும். நடைபாதைக்கென உருவான இலேசான வண்டி கிளிநொச்சி நகருக்குப் பொருந்தலாம், உள்ளூர்க் கிராமத்துக்குப் பொருந்தாது. அங்கே பெரிய, காற்றடைத்த ரயர் நல்லது. அது பஞ்சராகுமே என்று அஞ்சவேண்டியதில்லை. ஒட்டுப்போடத் தெரிந்த சைக்கிள் கடை வன்னியில் எந்தச் சந்தியிலும் உண்டு. மாறாக, அந்த நிறுவனத்துக்கே உரிய விசேட மூட்டு உடைந்தால் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை.

அடுத்து, தள்ளப்போவது யார் என்பது. போரில் கணவனை இழந்தும் பிரிந்தும் தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாய்மார் வன்னியில் ஏராளம். அவயவத்தை இழந்த தாய்மாரும் தந்தையரும் உளர். செயற்கைக் காலோடு பிள்ளையை இடுப்பில் சுமக்க இயலாதவருக்குத் தள்ளுவண்டி ஆடம்பரமன்று. கிளினிக்குக்குப் போய்வர வழி. ஒரு கை மட்டும் உள்ளவருக்கோ, ஒரு கையால் மடிக்கவும் விரிக்கவும் தடுப்பைப் போடவும் முடியுமா என்பதே முதற் கேள்வி. பேருந்திலும் ஓட்டோவிலும் ஏற்றும்போதும் அதே சோதனைதான். பெரிய சக்கரமும் எளிய மடிப்பும் ஒன்றாய்க் கிடைப்பது அரிது. எது முக்கியம் என்பதை அந்த வீட்டாரின் நிலையே தீர்மானிக்கட்டும்.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு முழுமையாகச் சாய்ந்து படுக்கும் இருக்கை தேவை. தோளிலும் இடுப்பிலும் கால்களுக்கிடையிலும் பூட்டும் ஐந்து முனைப் பட்டி இருக்கவேண்டும். வன்னி வெயிலில் நிழற்கூரையும் காற்றோடும் துணியும் அவசியம். வெயிலுக்கென்று வண்டியைத் துணியால் மூடினால் உள்ளே வெப்பம் ஏறிக் குழந்தைக்கு ஆபத்தாகும். பழையதை அனுப்புவோர் மடிப்பு மூட்டைத் தவறாது பார்க்கவேண்டும். குழந்தைகளின் விரல்நுனி துண்டிக்கப்பட்ட 12 சம்பவங்களை அடுத்து, 2009 நவம்பரில் அமெரிக்காவில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்லாரன் வண்டிகள் மீள அழைக்கப்பட்டு, மூட்டுக்கு உறை வழங்கப்பட்டது.

விலையையும் நிறத்தையும் பார்த்து வாங்கிய வண்டி வீட்டு மூலையில் நெல்மூட்டைக்குத் துணையாக நிற்பதில் எவருக்கும் பயனில்லை. ஆகவே கடைக்குப் போகுமுன் ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பை எடுங்கள். வீட்டுப் படலையிலிருந்து தார்வீதி வரை எத்தனை மீற்றர் கிரவல் என்றும், பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவது யார் என்றும் கேட்டறியுங்கள். அதன்பின் வாங்குங்கள்.