குறி பார்க்கும் முறைகள் பிறந்த கதை

புயல் ஏன் சுழல்கிறது என்று கேட்டால் வானிலைக்காரர்கள் கோரியாலிஸின் பெயரைச் சொல்வார்கள். அந்தப் பிரெஞ்சுக் கணித மேதை 1835-ல் பில்லியர்ட்ஸ் ஆட்டத்துக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். பந்தோடு பந்து மோதிய பின் வெள்ளைப் பந்து பரவளையமாக வளைவதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் மோதுவதற்கு முன்னால், மேசைமீது குனிந்திருப்பவர் எங்கே பார்ப்பது? அந்தக் கேள்விக்குப் பிறந்தவைதான் குறி பார்க்கும் முறைகள்.

வண்ணப் பந்தில் பாக்கெட்டுக்கு நேர் எதிரே ஒரு புள்ளி இருக்கிறது. அங்கே தொட்டால் பந்து உள்ளே. ஆனால், அந்தப் புள்ளியையே பார்த்து வெள்ளைப் பந்தை அடித்தால் தப்பும். அதன் விலா முந்திக்கொண்டு வேறிடத்தில் இடித்துவிடும். கேரம் ஆடியவர்களுக்கு இந்த ஏமாற்றம் புதிதல்ல.

ஒரு தீர்வு 'கோஸ்ட் பால்', அதாவது பேய்ப்பந்து. பூல் பந்தின் விட்டம் 57 மி.மீ. மோதும் நொடியில் இரு பந்துகளின் நடுவுக்கும் இடைவெளி அதே 57 மி.மீ. அப்போது வெள்ளைப் பந்து நிற்கும் இடத்தில் ஒரு பந்து ஏற்கெனவே இருப்பதாகக் கற்பனை செய்து, அதன் நடுவுக்கு அடிக்க வேண்டும். கணக்கில் பிழையே இல்லை. ஆனால் பச்சைத் துணியில் அங்கே எதுவும் இல்லையே! பயிற்சியில் ஒரு காகித வட்டத்தை வைத்துப் பழகலாம். போட்டியில் யார் வைக்க விடுவார்கள்?

கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைப் பிடித்துக்கொள்ள வந்தது பின்ன முறை. வெள்ளைப் பந்தின் நடுவை மற்றதன் விளிம்புக்கு நேராக அனுப்பினால் 'அரைப் பந்து'. வெட்டு, அதாவது வண்ணப் பந்து விலகிப் போகும் கோணம், 30 டிகிரி. முக்கால் பந்துக்குச் சுமார் 14½, கால் பந்துக்குச் சுமார் 48½. இடையில் 22 டிகிரி வேண்டுமென்றால்? பக்கத்துப் பின்னத்தை வைத்துச் சமாளிக்க முடியாது. மூலை பாக்கெட்டின் வாய் ஏறக்குறைய 4½ அங்குலம், பந்து 2¼. வண்ணப் பந்து பாக்கெட்டிலிருந்து மூன்றடி தூரத்தில் இருந்தால் பக்கத்துக்கு இரண்டு டிகிரிகூடத் தவற இடமில்லை.

பின்னங்களுக்கு நடுவிலுள்ள இந்த இடைவெளியை மூட அமெரிக்காவில் ஹால் ஹூல் முன்வைத்ததுதான் 'சென்டர் டு எட்ஜ்'. வெள்ளைப் பந்தின் நடுவிலிருந்து மற்றதன் விளிம்புக்கு ஒரு கோடு பிடி. க்யூ எனும் ஆட்டக்கோலின் முனையை அரை முனையளவு, அதாவது ஆறேழு மி.மீ., பக்கவாட்டில் வை. பிறகு நடுவுக்குத் திருப்பு, அடி. ஸ்டான் ஷஃபெட் என்ற பயிற்சியாளர் மேலும் சில புள்ளிகளைச் சேர்த்து இதை விரிவாக்கினார். எல்லாமே கண்ணால் பார்த்துப் பிடிப்பது, ஊகத்துக்கு வேலையில்லை என்பது ஆதரவாளர்கள் கட்சி.

சண்டை தொடங்கியது அங்கேதான். பந்துகளுக்கிடையே ஒரே தூரம், ஒரே கோடு, ஒரே திருப்பம் என்றால் ஒரே கோணம்தானே கிடைக்க வேண்டும்? 20 டிகிரியும் விழுகிறது, 24-ம் விழுகிறது; நடுவில் நாலு டிகிரியைத் திருத்தியது யார் என்று கேட்டார்கள் எதிர்க்கட்சியினர். போதாததற்கு, பந்துகள் உரசும்போது வண்ணப் பந்து சற்று இழுபட்டுப் போகும். அந்த இழுப்பைக் கோடு சொல்லித் தருவதில்லை. பழகிய கை சரிசெய்துவிடுகிறது.

ஆனாலும் இந்த முறையால் ஆட்டம் தேறியது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அடிப்பதற்கு முன் பார்வை ஓரிடத்தில் நிலைப்பதை 'குவயட் ஐ' என்றார் கனடிய ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ். 2002-ல் பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்களிடம் அது அளக்கப்பட்டபோது, தேர்ந்தவர்களின் கடைசிப் பார்வை கற்றுக்குட்டிகளுடையதைவிட நீண்டிருந்தது. விழுந்த அடிகளில் தவறியவற்றைவிட நீண்டிருந்தது. அலைபாயும் கண்ணுக்கு ஒரு விளிம்பைக் காட்டி நிற்க வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மீதியைக் கை பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொண்டது கையா, கோடா என்ற வழக்கு மட்டும் தீராது. அதற்கு ஒரே சாட்சி அடித்தவர். கை தனக்குத் தெரியாமல் செய்ததை அவர் எப்படிச் சொல்வார்?