காதில் ஒரு சீட்டு

1993 அக்டோபர் 22. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம். சூ செயின்ட் மரீ நகருக்கு வடக்கே, காலை ஒன்பது மணிவாக்கில் ஸ்டீவ் பவுலியும் அவர் மகன் ராடியும் ஓர் ஆண் மூஸைச் சுட்டு வீழ்த்தினார்கள். மான் குடும்பத்திலேயே பெரியது மூஸ். வளர்ந்த ஆண் 400, 500 கிலோகூட வரும். ஒன்று கிடைத்துவிட்டால் ஒரு வீட்டுக்குக் குளிர்காலம் முழுக்க இறைச்சிக் கவலை இல்லை.

இருவரிடமும் லைசன்ஸ் கிடையாது. மூஸின் உடலில் மாட்ட வேண்டிய அரசாங்கச் சீட்டும் கிடையாது. வீட்டுக்குக் கொண்டுவந்த மூஸின் காதில் ஸ்டீவ் தானே ஒரு சீட்டு எழுதி மாட்டினார். தேதி, நேரம், சுட்ட இடம், இது குளிர்காலத்துக்கான இறைச்சி என்ற குறிப்பு, கையெழுத்து, தான் சேர்ந்திருந்த மெட்டீ சங்கத்தின் உறுப்பினர் எண். திருட்டு வேட்டைக்காரன் இப்படியா அடையாளம் எழுதித் தொங்கவிடுவான்? அன்றே அதிகாரிகள் இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். ஆமாம், நாங்கதான் சுட்டோம் என்று அப்பாவும் மகனும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் வழக்கு.

ரோம வியாபாரத்துக்கு வந்த ஐரோப்பிய ஆண்களுக்கும் பூர்வகுடிப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள், காலப்போக்கில் தனிச் சமூகமாகத் திரண்டவர்கள்தான் மெட்டீகள். வெறும் கலப்புப் பிறப்பு ஒருவரை மெட்டீ ஆக்கிவிடாது. 1982 அரசியல் சட்டத்தின் 35ஆம் பிரிவு, இந்தியர், இனுயிட், மெட்டீ என மூவரையும் பூர்வகுடிகளாக ஏற்கிறது. ஆனால் காட்டுக்குள் அந்தப் பிரிவு செல்லுபடியாகவில்லை. மெட்டீகளுக்கென்று எந்த வேட்டை உரிமையையும் ஒன்டாரியோ ஏற்கவில்லை.

இதன் வேர் 1850இல் இருக்கிறது. அந்தப் பகுதி நிலங்களுக்காக ராபின்சன் ஒப்பந்தங்கள் கையெழுத்தானபோது மெட்டீகள் தனித் தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. அதன் பிறகு அவர்கள் சத்தமில்லாமல் வாழ்ந்தார்கள், பதிவேடுகளின் கண்ணில் படாமல். அந்த மறைவையே அரசுத் தரப்பு வாதமாக்கியது: தொடர்ச்சி அறுந்துவிட்டது, அப்புறம் ஏது உரிமை?

எனக்கு இந்த வழக்கில் பிடித்த இடம் இதுதான். ஏடுகள் விட்டுவிட்ட மக்களுக்கு அவர்களின் சாப்பாடே சாட்சியாக வந்தது. உணவுக்காக வேட்டையாடுவது அந்தச் சமூகத்தில் இடைவிடாமல் இருந்திருக்கிறது என்று நீதிமன்றம் கண்டது. 1998இல் விடுதலை. அரசு விடவில்லை, மேல்முறையீடு மேல் மேல்முறையீடு. கடைசியில் 2003 செப்டம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக பவுலிகள் பக்கம் நின்றது. அந்த உரிமை மூஸோடு நிற்பதல்ல, உணவுக்காக வேட்டையாடும் உரிமை என்றது. மூஸ் இனத்தைக் காக்கத்தான் கட்டுப்பாடு என்ற வாதத்துக்கும் ஆதாரம் போதவில்லை. அப்படியே அவை அருகிவந்தாலும் பங்கீட்டில் மெட்டீகளுக்கு முன்னுரிமை உண்டு என்றார்கள்.

ஒரு மூஸுக்குப் பத்து வருஷம். அதுவும் தீர்ப்பு சூ செயின்ட் மரீ பகுதிச் சமூகத்துக்குத்தான். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் வம்சாவளியையும் வரலாற்றையும் தாங்களேதான் நிரூபிக்க வேண்டும்.

அதே நாளில் அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பும் சொன்னது. மனிடோபாவில் சாப்பாட்டுக்காக மான் வேட்டைக்குப் போன எர்னஸ்ட் பிளே என்ற மெட்டீயின் வழக்கு அது. அவர் 35ஆம் பிரிவைப் பிடிக்கவில்லை, 1930ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்றில் 'இந்தியர்'களுக்குத் தரப்பட்டிருந்த வேட்டை உரிமையைக் கேட்டார். அந்தச் சொல்லுக்குள் மெட்டீ வரமாட்டார் என்றது நீதிமன்றம். அவர் தண்டனை நிலைத்தது.